சுத்தம் என்று எழுதிய குழாய்

காலையில் சோப்பின்மேல் ஒரு இறக்கை ஒட்டியிருந்தது.

முனைவர் அதைச் சுண்டுவிரல் நகத்தால் நெம்பி எடுத்து, குளியலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அரிசியை விடச் சற்று நீளம். கண்ணாடி மாதிரி மறுபக்கம் தெரிந்தது. நடுவில் மூன்று நரம்புக் கோடுகள், அடியில் பிய்ந்துபோன விளிம்பு. வேறு யாராவது பார்த்திருந்தால் கொசு என்றோ ஈசல் என்றோ சொல்லி ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போயிருப்பார்கள். உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்குக் கண் இருக்கிறதே தவிரப் பார்க்கத் தெரியாது என்பது முனைவரின் நெடுநாள் கருத்து. அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது மான் ஈயின் இறக்கை.

அவருக்கும் ஒரு பெயர் உண்டு. ஆனால் வாசல் பலகையில், தபால் பெட்டியில், சாப்பாட்டு டப்பாவின் மூடியில்கூட பெயருக்கு முன்னால் அந்தப் பட்டத்தைப் போட்டுவைத்ததில், பெயர் எல்லாருக்கும் மறந்துபோய்ப் பட்டம் மட்டும் நின்றுவிட்டது. முதுகுக்குப் பின்னால் கேலியாகச் சொல்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், பொறாமை என்று சொல்லிவிடுவார்.

மான் ஈ தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பறக்கும். புதரில் காத்திருந்து, மான் வந்தால் போய் உட்காரும். ரோமத்துக்குள் நுழைந்து ஒரு வாய் ரத்தம் குடித்துப் பார்க்கும். இதுதான் நம் இடம் என்று முடிவாகிவிட்டால், இரண்டு இறக்கைகளையும் தானே ஒடித்துப் போட்டுவிடும். அப்புறம் அதற்கு வேறு வீடு கிடையாது. தவறிப்போய் மனிதன்மேலும் உட்காரும், கடித்தும் பார்க்கும். ஆனால் இறக்கையை ஒடிக்காது. முனைவரே இதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார்.

ஆகவே இது ஆய்வுக்கூடத்திலிருந்து சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தது. விஷயம் முடிந்தது. அவர் இறக்கையைத் தண்ணீரோடு தள்ளிவிட்டு முகம் மழிக்க உட்கார்ந்தார். கண்ணாடியில் கழுத்தைத் திருப்பியபோது, காதுக்குப் பின்னால் முடியோரத்தில் ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது. நரைமுடிதான் என்று நினைத்துக்கொண்டார்.

"என்னங்க, அந்த ஊறுகா பாட்டில ஒரு தடவ பாத்துடுங்களேன்," என்றாள் மனைவி, கதவுக்கு வெளியே நின்று. ஒன்றரை மாதமாக இதே பாட்டு. படுக்கையைத் தட்டும்போது கறுப்பாக, உருண்டையாக, மிளகு மாதிரி ஏதோ விழுகிறதாம். அதைப் பொறுக்கி ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாளாம்.

"தலகாணியில இருந்து பஞ்சுவிதை கொட்டும். அதப் பாக்கறதுக்கா நான் இவ்ளோ படிச்சேன்?"

"பஞ்சுவிதை இப்படிப் பளபளன்னு இருக்காதுங்க."

"ஓ, நீ விதையில ஆராய்ச்சி பண்ணிருக்கியோ?"

காலடிச் சத்தம் நகர்ந்தது. அவள் போய்விட்டாள். மூன்று வாரமாக அவள் எதிர் அறையில் படுக்கிறாள். தன் குறட்டைதான் காரணம் என்று அவர் முடிவுகட்டியிருந்தார், கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

வீடு காட்டோரம். ஆய்வு நிலையம் கட்டிக்கொடுத்த வீடுகளில் கடைசி வீடு, பெரிய வீடு. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே புல்வெளி, அதற்கப்பால் கம்பி வேலி, வேலிக்கப்பால் மரங்கள். மழை விட்டு ஒரு மாதமாகியும் மரங்களிலிருந்து ஈரமான இலை நாற்றம் அறைக்குள் வந்தபடியே இருந்தது. வெளியே இருக்கிற மான்களைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவர் கடைசியாக ஒரு மானைத் தொட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. தொடுவதற்கு ஆள் இருக்கிறது.

அந்த ஆளுக்குச் சீப்பு என்று பெயர். சாலையில் அடிபட்டோ நோய்ப்பட்டோ செத்த மானைக் கொண்டுவந்தால், வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதன்மேல் மானைப் போட்டு, பேன்சீப்பை விடச் சற்றுப் பெரிய இரும்புச் சீப்பால் கழுத்திலிருந்து வால்வரை வாருவான். ஈக்கள் துணியில் விழும். இறக்கையில்லாமல், தட்டையாக, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். பொறுக்கிக் குழாயில் போட்டு மேலே அனுப்புவான். இருபது வருடமாக இதுதான் வேலை. ஐம்பது வயதாகிறது, வியர்வையும் மான்மயிரும் கலந்த ஒரு வாடை அவனோடு கூடவே வரும். அவன் உள்ளே வந்தால் முனைவர் கைக்குட்டையை எடுப்பார்.

அன்று காலை அவர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது டெக்னீஷியன் பெண் திரைக்கு முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சார், மறுபடியும் சுத்தம் ஏறுது."

முனைவர் பையைக் கீழே வைக்கவில்லை. "மறுபடியும்னா?"

"நாலாவது தடவ சார்."

மான் ஈக்களின் வயிற்றில் ஒரு பாக்டீரியா வாழ்கிறது. மானின் ரத்தத்திலிருந்து ஈக்கு, ஈயிலிருந்து அடுத்த மானுக்கு. மானை அது ஒன்றும் செய்யாது. மனிதனின் ரத்தத்தில் ஏறினால் மெதுவாக வேலை செய்யும்: மாலைக் காய்ச்சல், வியர்வை, கடைசியில் இதய வால்வு. ஈக்களை அரைத்து இயந்திரத்தில் வைத்தால், கிருமி உள்ள குழாய்க்குத் திரையில் ஒரு கோடு மேலே ஏறும். ஒவ்வொரு முறையும் கிருமியே இல்லாத ரத்தம் ஒரு குழாயும் கூடவே வைக்க வேண்டும். அந்தக் கோடு தரையோடு படுத்துக்கிடக்க வேண்டும். அது எழுந்தால் மொத்த சோதனையும் குப்பை.

கிருமியில்லாத ரத்தத்தை ரத்த வங்கியில் கேட்டு வாங்க வேண்டும் என்பது விதி. நாலு படிவம், மூன்று மாதம். முனைவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சட்டைக் கையை மடித்து, "என் ரத்தத்தை விடச் சுத்தமானது இந்தக் கட்டடத்துல யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டு, கையை நீட்டிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள், சம்பளம் வாங்குகிறவர்கள் சிரிக்கத்தானே வேண்டும். மூன்று வருடம் அந்தக் குழாய்களே ஓடின. இரண்டு மாதத்துக்கு முன் தீர்ந்துபோக, மறுபடி கை நீட்டினார். ஒவ்வொரு குழாயிலும் தன் கையாலேயே 'சுத்தம்' என்று எழுதி ஒட்டினார்.

"நீ கையக் கழுவறியா இல்லியா?"

"கழுவறேன் சார். கையுற மாத்தறேன். குழாய்கூட புதுசு..."

"அப்ப கிருமி வானத்துல இருந்து குதிச்சுதா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. அழுகிறவர்களோடு பேசுவதில் பிரயோசனமில்லை என்று முனைவர் சீப்பைக் கூப்பிட்டனுப்பினார். கையோடு கைக்குட்டையையும் எடுத்துக்கொண்டார்.

சீப்பு வந்து கதவருகிலேயே நின்றான். குற்றச்சாட்டை முழுக்கக் கேட்டான். ரத்தக் குழாய் இருக்கிற பெட்டியைத் தான் திறந்ததே இல்லை என்று சொன்னான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கோச்சுக்குவேன். சொல்லு."

"போன வாரம் நீங்க வேலிப்பக்கம் ஃபோன் பேசிக்கிட்டு நின்னீங்க. அஞ்சு மான் உங்களச் சுத்தி மேஞ்சுது சார். ஓடல. நான் இருபது வருஷமா இருக்கேன், என்ன முப்பதடியில பாத்தா ஓடிடும். அதுல ஒரு பெண்மான் உங்க முதுகுக்குப் பின்னால வந்து, கழுத்த மோந்து பாத்துச்சு. மானுக்கு மான் அப்படித்தான் சார் பண்ணும். தன் வாய் எட்டாத எடத்துல ஈ கடிச்சா, இன்னொரு மான்கிட்டதான் கழுத்தக் காட்டும். அது பல்லால கோதி எடுத்துவிடும். நீங்க ரத்தம் ஒரு தடவ..."

"நிறுத்து." முனைவர் சிரித்தார். உண்மையிலேயே அவருக்குச் சிரிப்பு வந்தது. "என்னைய மான்னு சொல்றே. எட்டாங்கிளாஸ் படிச்சிட்டு எனக்கு மருத்துவம் சொல்றே. நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

டெக்னீஷியன் பெண் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. கெஞ்சுவான் என்று முனைவர் காத்திருந்தார். அவன் கீழே போய் இரும்புச் சீப்பையும் மடித்த வெள்ளைத் துணியையும் கொண்டுவந்து அவர் மேஜைமேல் வைத்தான்.

"நெலையத்துச் சாமான் சார். ஒப்படைக்கணும்ல."

போகும்போது அவன் முனைவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பரிதாபம் இருந்தது. அதுதான் முனைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். மண்டூகங்களை வைத்துக்கொண்டு மாரடிப்பதை விடத் தானே செய்துவிடலாம். தன் கையால் செய்து, படுத்துக்கிடக்கும் கோட்டை அச்சடித்து, நாளைக்கு எல்லார் முகத்திலும் வீச வேண்டும்.

புதிய ஊசி. புதிய குழாய். தன் இடக்கையிலிருந்து தானே ரத்தம் எடுத்தார். பஞ்சை வைத்து அழுத்தியபோது, முழங்கை மடிப்புக்கு மேலே சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்ததைக் கவனித்தார். வேர்க்குரு. எட்டு ஈக் குழாய்கள், ஒரு சுத்தம். எண்ணெய் போட்ட மாதிரி இயந்திரத்தின் மூடி வழுக்கிக்கொண்டு மூடியது. இயந்திரம் உறும ஆரம்பித்தது. வெளியே நடுப்பகல் வெயில் வெள்ளையாக அடித்தது, தாழ்வாரத்தில் ஒரு செருப்புச் சத்தம்கூட இல்லை, குளிர்பெட்டியின் ரீங்காரமும் ஸ்பிரிட் வாடையும் அறையை நிறைத்துக்கொண்டு, அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியபோது, அந்த ரீங்காரத்துக்கு அடியில் இன்னொரு சின்னச் சத்தம் இருப்பதாகத் தோன்றியது. காய்ந்த இலையை யாரோ நகத்தால் கிள்ளுகிற மாதிரி. கிட்டத்தில். தன் காலருக்குள்.

தோளைத் தட்டிக்கொண்டார். மடியில் ஒரு இறக்கை விழுந்தது.

திரையில் முதல் கோடு எழுந்தது. எட்டு ஈக்களில் எதுவோ ஒன்று என்று நினைத்தார். கோட்டின் நிறத்தைப் பார்த்தார். அது ஈக் குழாய்களுக்குக் கொடுத்த நிறம் இல்லை.

சுத்தம்.

ஈக்களின் கோடுகள் இன்னும் படுத்துக்கிடந்தன. கிருமி எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் கோடு எழும். இதை அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். மானின் ரத்தம் குடித்து வீங்கிய எட்டு ஈக்களையும் முந்திக்கொண்டு அவர் ரத்தம் மேலே போயிற்று. நேராக. தயங்காமல்.

குற்றம் சொல்ல அறையில் ஆள் இல்லை. அவர் கையுறையைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். ஒன்றரை மாதமாகச் சாயங்காலமானால் உடம்பு சுடுவதும், விடிகாலையில் தலையணை நனைந்து கிடப்பதும், மாடியேறினால் நெஞ்சு இரண்டு துடிப்புக்கு ஒரு துடிப்பை விழுங்குவதும் வேலைப்பளு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது விரல்களை மணிக்கட்டில் வைத்தார். ஒன்று. இரண்டு. இல்லை. நான்கு. பயம் வந்துவிட்டது, முனைவருக்கு. அசல் பயம். இந்த இதயத்துக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் என்னவென்று சொல்வது? யாரிடம்? போன வருடம் கூட்டத்தில் அந்தத் தலைமை மருத்துவரைத்தான் கம்பவுண்டர் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

முதலில் வீட்டுக்கு. அந்தப் பாட்டிலை முதலில் பார்த்துவிட வேண்டும். என்ன நினைத்தாரோ, துணியையும் இரும்புச் சீப்பையும் பையில் போட்டுக்கொண்டார்.

வழியில் வளைவில் ஒரு பெண்மான் நின்றிருந்தது. அவர் கார் ஹாரனை அழுத்தினார். அது காதை மட்டும் திருப்பியது. காரை நிறுத்தினார். அது நடந்து வந்தது. அவசரமில்லாமல், தெரிந்த வீட்டுக்கு வருகிற மாதிரி. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். ஈரமான கறுப்பு மூக்கு கண்ணாடியில் படிந்து, மூச்சு வெள்ளையாகப் பரவியது. அதன் கழுத்து ரோமத்துக்குள் தட்டையாக எதெதுவோ ஓடின. அது அவரை முகர்ந்துகொண்டே இருந்தது. கண்ணில் பயமே இல்லை.

அவர் காரைக் கிளப்பினார். பின்னால் பார்க்கும் கண்ணாடியில், மான் சாலையோரமாகவே நடந்து வந்துகொண்டிருந்தது.

வீட்டில் மனைவி முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டாள்.

"அந்த பாட்டில் எங்க?"

"இப்பதான் ஞாபகம் வந்துதாக்கும். உங்க ரூம் ஜன்னல்ல வெச்சிருக்கேன். மத்தியானத்துலேர்ந்து உள்ள என்னமோ ஊருது."

"உனக்குக் கடிச்சுதா? உடம்புல ஏதாவது..."

"எனக்கா? ஒண்ணும் இல்ல." அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்ததை அவர் கவனித்தார். "ஒரே கட்டில்லதான் படுத்தேன். எம்பக்கம் ஒண்ணுகூட விழல. உங்க பக்கம் மட்டுந்தான் விழுந்துச்சு. அதான் நான் அந்த ரூமுக்குப் போயிட்டேன். ஏன்னு நீங்க கேக்கவே இல்லியே."

படுக்கையறையில் நாலு மணி வெயில் சாய்வாக விழுந்திருந்தது. ஜன்னல் கட்டையில் ஊறுகாய் பாட்டில். மூடியில் அவள் ஆணியால் துளை போட்டிருந்தாள், உள்ளே விதையாக இருந்தால் காற்று படட்டும் என்று. மான் ஈ முட்டையிடாது. வயிற்றுக்குள்ளேயே ஒரு புழுவை வளர்த்து, கறுப்பு உருண்டைக் கூடாகப் போடும். மான் எங்கே படுக்கிறதோ அங்கே அது உதிரும். பாட்டிலில் கால்வாசி உயரத்துக்குக் கறுப்புக் கூடுகள். முக்கால்வாசி உடைந்திருந்தன. உடைத்துக்கொண்டு வந்தவை முழு இறக்கைகளோடு கண்ணாடியில் அப்பிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே பக்கம். அவர் பக்கம்.

அவர் இடப்புறம் நகர்ந்தார். அவை நகர்ந்தன.

வலப்புறம். நகர்ந்தன.

பின்னாலேயே வந்த மனைவி பாட்டிலுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட அவள் பக்கம் திரும்பவில்லை.

அந்த நிமிடத்தில்தான் அரிப்பு ஆரம்பித்தது. இத்தனை நாள் தெரியாதிருந்தது மொத்தமும் ஒன்றாகத் தெரிந்தது. கழுத்தில், அக்குளில், இடுப்பு மடிப்பில், தோல்முழுக்க ஊர்ந்தது. சட்டையைக் கழற்றி எறிந்தார். வெள்ளைத் துணியைக் கட்டில்மேல் உதறி விரித்தார். தலையைக் குனிந்து இரும்புச் சீப்பைப் பிடரியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

பொடிப்பொடியாக ஒரு சத்தம். மழை முதல் தூற்றல் போடுகிற சத்தம்.

துணியில் கறுப்புக் கூடுகள் உருண்டன. நடுவே பழுப்பாக, தட்டையாக, இறக்கையில்லாமல், பக்கவாட்டில் ஓடின. விளிம்புவரை ஓடிப்போய் நின்றன. திரும்பின. அவரை நோக்கி வந்தன.

இன்னொரு இழுப்பு. இன்னும். முன்கழுத்து. மார்பு. விலா. சீப்பின் பல் சிவந்தது. முதுகின் நடுவில், இரண்டு தோள்பட்டைக்கும் இடையில், கை எட்டவில்லை. மேலிருந்து எட்டவில்லை. கீழிருந்தும் எட்டவில்லை. அங்கேதான் அத்தனையும் கூடி நின்று குடித்தன.

"இந்தா." சீப்பை நீட்டினார். "முதுகுல. ஒரு தடவ. சீக்கிரம்."

மனைவி கதவுப் பிடியில் கை வைத்திருந்தாள். பதினெட்டு வருடத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் உதவி அது.

"நான் தொடமாட்டேங்க. ஆம்புலன்ஸக் கூப்பிடறேன். எவ்ளோ நேரமாகுமோ தெரியல. அந்தச் சீப்பு அண்ணன வேணா வரச்சொல்லட்டுமா? அவருக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

"அவன..." என்றார். மேலே சொல்ல முடியவில்லை.

கதவு மூடியது. எதிர் அறையில் தாழ்ப்பாள் விழுந்தது. அவர் முதுகைச் சுவரில் தேய்த்தார். கட்டில் முனையில் தேய்த்தார். கதவு நிலையில். அலமாரி விளிம்பில். தேய்க்கத் தேய்க்க அது கூடியது. கை பட்டுப் பாட்டில் விழுந்து உடைந்தது. அவை சிதறவில்லை. ஒரே வீச்சில் எழுந்து, ஒரே இடத்துக்கு வந்தன. காதுக்குள் இறக்கைகள் ஒடிகிற சத்தம். கிள். கிள். கிள்.

ஜன்னலுக்கு வெளியே புல் மிதிபட்டது.

வேலியைத் தாண்டி வந்திருந்தன. ஐந்து. முன்னால் அந்தப் பெண்மான். அது ஜன்னலருகே வந்து, கம்பியில்லாத ஜன்னலுக்குள் தலையை நீட்டி, தன் கழுத்தைச் சற்றே சாய்த்து, பொறுமையாக நின்றது. அதன் மூச்சில் புல் வாடையும் ஈர இலை வாடையும் வந்தன. முனைவர் சுவரோடு ஒட்டி நின்றார். இல்லை என்று தலையை ஆட்டினார். தன் நாற்பது பக்கத்தை நினைத்துப் பார்த்தார். ஒரு வரி ஞாபகம் வரவில்லை. முதுகில் அந்த ஒரு சாண் இடம் நெருப்பாக எரிந்தது.

எந்த அதிகாரிக்கும் எந்தச் சாமிக்கும் குனியாத கழுத்து அது. மெதுவாகக் குனிந்தது. ஜன்னல் கட்டையில் இரண்டு கையையும் ஊன்றி, முதுகைக் காட்டி, அரைவட்டமாக அவர் வளைந்து நின்றார். வெதுவெதுப்பான உதடு பட்டது. பிறகு பற்கள். நாசூக்காக. ஒவ்வொன்றாகக் கோதி எடுக்க ஆரம்பித்தன.

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவ்வளவு சுகமாக இருந்தது. நெஞ்சு ஒரு துடிப்பை விழுங்கி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி அடித்தது. எதிர் அறையில் மனைவி யாரிடமோ ஃபோனில் முகவரியை இரண்டாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றார் முனைவர், இதுவரை யாரிடமும் பேசாத ஒரு பணிவான குரலில்.

பெண்மானின் வாய் கீழே இறங்கியது. புல்வெளியில் மற்ற நான்கும், தத்தம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, அவர் நிமிர்வதற்காகக் காத்து நின்றன. மரங்களின் பக்கமிருந்து புதிய ஈக்கள் வந்து அவர் தோள்களில் உட்கார்ந்தபடியே இருந்தன. அவற்றின் இறக்கைகள் ஜன்னல் கட்டையில், அவர் விரல்களுக்கு நடுவே, உதிர்ந்துகொண்டிருந்தன.